மாமா சொன்னால் கேட்டுக்கணும்

இந்த ஊரில் எல்லோரும் என்னிடம் தலையைக் கொடுத்துவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். மலேசியாவின் ஈப்போ நகரத்தில், புந்தோங் பக்கம் ஒரு முடிதிருத்தும் கடையில் வேலை பார்க்கிறேன். காலையில் கடை திறந்ததும் வந்து உட்காரும் சீனப் பெரியவர், கத்தரிச் சத்தம் கேட்க ஆரம்பித்தவுடன் கண்ணை மூடிவிடுவார். சீருடையோடு வரும் மலாய்ப் போலீஸ்காரர், கழுத்தில் சவரக்கத்தி ஓடும்போதே குறட்டை விடுவார். வந்த புதிதில் எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. முன்பின் தெரியாத ஒருவன், கையில் கத்தி, பேசுகிற மொழியும் அரைகுறை. அவனை நம்பி எப்படி வாயைப் பிளந்துகொண்டு தூங்க முடிகிறது? வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பி நெட்டி எடுத்துவிட வேண்டும். சிலர் அதற்காகவே வருகிறார்கள். எழுந்து போகும்போது சீனரும் மலாய்க்காரரும்கூட "தெரிமா காசி, அண்ணே" என்பார்கள். நன்றி என்று அர்த்தம். அந்த 'அண்ணே'தான் எனக்குச் சம்பளத்துக்கு மேல் கிடைத்த சம்பளம்.

ஏனென்றால் நான் பார்த்து வளர்ந்தது வேறு. எங்கள் ஊர் அறந்தாங்கிக்குப் பக்கத்தில். அப்பாவுக்கும் இதே தொழில்தான். பெரிய வீடுகளின் கொல்லைப்புறத்தில் வைத்துத்தான் வெட்டுவார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் கூடவே போவேன். வேலை நடக்கும்வரை அப்பாவின் கை அவர்கள் தலைமேல் இருக்கலாம். வேலை முடிந்ததும் அதே கை அங்கிருக்கும் செம்பில் தவறிப் பட்டாலும் "டேய், தொடாதே" என்று ஒரு சத்தம் வரும். சத்தம் போடுபவர் அப்பாவைவிடப் பாதி வயதுக்காரராக இருப்பார். அப்பா சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொள்வார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. அதனால்தான் ஊரில் கடை வைக்கவில்லை. ஊரைவிட்டு, நாட்டைவிட்டே வந்துவிட்டேன். மனைவி சுமதியும், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் பவித்ராவும் அங்கேயே இருக்கிறார்கள்.

மொழி தெரியாமல் முதலில் பட்ட பாட்டைத் தனியாகவே எழுதலாம். ஒரு சீனப் பெரியவர் "சிக்கிட், சிக்கிட்" என்றார். சிக்கிட் என்றால் கொஞ்சம் என்று தெரியும். கொஞ்சம் வெட்டச் சொல்கிறாரா, கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொல்கிறாரா என்று தெரியாமல், கொஞ்சம் மட்டும் மிச்சம் வைத்து அனுப்பினேன். பிறகு அவர் பல மாதங்கள் தொப்பி போட்டுக்கொண்டு எங்கள் கடையைத் தாண்டி நடந்து போனார். ஆனால் குழந்தைகள் விஷயத்தில் எனக்கு மொழியே தேவைப்பட்டதில்லை. நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே பலகையைப் போட்டு உட்காரவைத்து, கத்தரியை அவர்கள் காதருகே சும்மா ஆட்டி, வாயால் குருவிச் சத்தம் போட்டு வேலையை முடித்துவிடுவேன். முடிந்ததும் கன்னத்தைக் கிள்ளி விரலை என் வாயில் வைத்து முத்தம் கொஞ்சுவேன். அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, மேலே ஒரு தரம் எறிந்து பிடித்துத்தான் கீழே இறக்குவேன். நம் ஊரில் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையைக்கூட இப்படித்தானே கொஞ்சுவோம்? மகளைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிறர் பிள்ளைகளைத் தூக்கி அந்த ஏக்கத்தைக் கொஞ்சம் தணித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பள்ளி திறக்க இருந்த சமயம். கடையில் கூட்டம். கோமளா டீச்சர் தன் மகன் ருவேனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஐந்து வயதிருக்கும். டீச்சர் பக்கத்திலேயே ஒரு பாலர் பள்ளி நடத்துகிறார். ருவேன் சமர்த்தாக உட்கார்ந்து வெட்டிக்கொண்டான். நான் வழக்கம்போல் கன்னத்தைக் கிள்ளி, தூக்குவதற்காக அக்குளில் கை வைத்தேன்.

"தொடாதீங்க அங்கிள். நான் ஓக்கே சொல்லலை" என்றான் பையன். கத்தவில்லை, ஆனால் கடை முழுக்கக் கேட்டது.

டீச்சர் எழுந்து வந்து அவனை அவரே இறக்கிவிட்டார். பையனை அதட்டுவார், எனக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் அவனிடம், "குட் தம்பி, நல்லா சொன்ன. அம்மா கேட்டேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க. முடி வெட்டுறது சரிலா. தூக்குறது, கிள்ளுறது, அதெல்லாம் அவன்கிட்ட கேட்டுட்டுத்தான். பள்ளியில எல்லாப் பிள்ளைங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றார். நான் துண்டை உதறினேன். உதறிய உதறலில் முடியெல்லாம் என் முகத்திலேயே விழுந்தது.

காத்திருந்த மலாய்க்காரர் ஒருவருக்கு எங்கள் பேச்சு புரியவில்லை. "கெனாப்பா?" என்று கேட்டார். என்ன ஆயிற்று என்கிறார். எனக்குத் தெரிந்த மலாயைக் கூட்டி, "சாயா பெகாங், டியா மாரா" என்றேன். நான் தொட்டேன், அவன் கோபித்துக்கொண்டான். சொன்னது அவ்வளவும் உண்மை. அந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுந்து, அடுத்த நாற்காலியில் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றார். என் நாற்காலி காலியாக இருந்தது. என்ன சொல்லிவிட்டேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. விளக்கிச் சொல்ல மலாய் வரவில்லை. தமிழில் சொல்வதாக இருந்தாலும் வந்திருக்காது. கண்ணாடியில் என் முகத்தையே பார்க்க முடியாமல் சீப்பைக் கழுவப் போனேன்.

கோபம் மூன்று நாள் தணியவில்லை. பையன் சொன்ன வார்த்தை எனக்குப் பெரிய வீட்டுக் கொல்லைப்புறத்தில்தான் கேட்டது. கடல் கடந்து வந்தும் நம்மை விடமாட்டார்கள் போல, இந்த டீச்சரும் அந்த வகைதான், மகனுக்கு நாசூக்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்று தீர்மானமே பண்ணிவிட்டேன். சுமதியிடம் போனில் கொட்டித் தீர்த்தேன். அவள் சாவகாசமாகக் கேட்டுவிட்டு, "விடுங்க, எல்லா வீட்டுப் புள்ளைகளும் இப்ப அப்படித்தான் ஆயிருச்சுக. இங்க உங்க மவ சேகர் அண்ணன் வண்டியில ஏற மாட்டேங்குறா. காலையில ஆனா வயிறு வலிக்குதுன்னு சுருண்டு படுத்துக்கிறா. பாவம், அந்த அண்ணன் வாசல்ல நின்னு நின்னு பாத்துட்டுப் போகுது" என்றாள்.

சேகர் என்னோடு பள்ளியில் படித்தவன். எங்கள் தெருவிலேயே மூன்று வீடு தள்ளி இருக்கிறான். நான் இங்கே வரக் கிளம்பியபோது, "புள்ளைய நான் பாத்துக்கிறேன் மாப்ள, நீ நிம்மதியாப் போ" என்று அவனாகச் சொன்னான். தினமும் பவித்ராவைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவது அவன்தான். உறவுமுறை எதுவும் கிடையாது. ஆனால் நம்மிடம் ஒரு வழக்கம் இருக்கிறதே, வீட்டுக்குள் வருகிற ஆம்பிளைகள் எல்லோரும் பிள்ளைகளுக்கு மாமா. மாமா என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. அவன் செய்யும் உதவிக்கு இங்கிருந்து நான் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் என்று நினைத்து, ஒவ்வொரு முறை பேசும்போதும் மகளிடம் சொல்வேன்: "மாமா சொன்னா கேட்டுக்கணும். மாமா மனசு கோணாம நடந்துக்கணும்." அன்றைக்கும் போனை அவளிடம் கொடுக்கச் சொல்லி அவளை நன்றாகத் திட்டினேன். ஒருவர் நமக்கு உதவி செய்கிறார், திமிர் காட்டுகிறாயா என்று கேட்டேன். கடையில் பட்ட அவமானத்தை யார் தலையிலாவது இறக்க வேண்டியிருந்தது. எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் இறக்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதலாளி என்னைச் சுங்கை சிப்புட் சாலையில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினார். பள்ளி திறப்பதற்கு முன் அங்கிருக்கும் பிள்ளைகளுக்கு இலவசமாக முடி வெட்டிவிடுவது அவர் வருஷாவருஷம் செய்யும் காரியம். ரப்பர் மரங்களை அழித்து எப்போதோ எண்ணெய்க்கான செம்பனை நட்டுவிட்டார்கள். தொழிலாளர்களுக்குக் கட்டிய பழைய லைன் வீடுகளில் சில குடும்பங்கள் மட்டும் இன்னும் இருக்கின்றன; ஆண்கள் ஈப்போவுக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறார்கள். மாரியம்மன் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் நாற்காலியைப் போட்டேன். மண்டபத்தின் மறு ஓரத்தில் பாய் விரித்து அம்மாக்களை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தவர் கோமளா டீச்சர். அவர் பிறந்து வளர்ந்த தோட்டமே அதுதானாம். எனக்கு முகம் சுருங்கியது. அவருக்கு முதுகைக் காட்டுகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தேன். காதை எந்தப் பக்கம் திருப்புவது?

"நம்ம சின்னப் பிள்ளையா இருந்தப்ப இங்க ஆயாக் கொட்டகை இருந்துச்சுலா," என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "அம்மாங்க விடியக்காலையில ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டப் போயிருவாங்க. பிள்ளைங்க எல்லாம் கொட்டகையில. பக்கத்து லைன்ல ஒரு ஆள் இருந்தாரு, பேரு வேணாம், செத்துப் போயிட்டாரு. மிட்டாய் குடுப்பாரு. அந்த ஆளப் பத்தி இங்க எல்லாருக்கும் தெரியும். எங்கம்மாவுக்கும் தெரியும். 'அந்தப் பக்கம் போகாதடி'ன்னு எங்கிட்டச் சொன்னாங்க. அவ்வளவுதான். அந்த ஆளுகிட்ட யாரும் ஒண்ணும் கேக்கலை. எங்க பெரியம்மா மவளுக்குப் போகாதன்னு சொல்ல ஆள் இல்ல. அவ இப்ப தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரியில இருக்கா. கிறுக்கின்னு சொல்றோம். ஏன் அப்படி ஆனான்னு இந்தத் தோட்டத்துல ஒருத்தராவது கேட்டோமா?"

பாயில் இருந்த ஒரு வயதான அம்மா, "இப்ப எதுக்கும்மா அந்தப் பேச்சு, கோயில்ல வச்சு" என்றார்.

"கோயில்ல வச்சுத்தான் பேசணும் அத்தே. வீட்டுல பேசமாட்டோம்ல" என்றார் டீச்சர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "பிள்ளைங்க வந்து நேராச் சொல்லாதுங்க. சொல்றதுக்கு வார்த்தை அதுங்ககிட்ட இல்ல. வேற மாதிரி சொல்லும். நல்லா இருந்த பிள்ள திடீர்னு ஒரு ஆளக் கண்டா ஒளியும். அவரு வீட்டுக்குப் போகமாட்டேன், அவரு கார்ல ஏறமாட்டேன்னு அழும். காலையில வயிறு வலிக்குதுன்னு சொல்லும், டாக்டர்கிட்டப் போனா ஒண்ணும் இருக்காது. நம்ம என்ன பண்ணுவோம்? 'மரியாதை இல்லாத பிள்ள, போய் அங்கிளுக்கு சலாம் பண்ணு, மடியில உக்காரு'ன்னு நம்மளே கையப் பிடிச்சுத் தள்ளிவிடுவோம்."

என் கையிலிருந்த மெஷின் ஒரு பையனின் பின்னந்தலையில் ஆழமாக இறங்கிவிட்டது. ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையாக மண்டைத்தோல் தெரிந்தது. பையன் ஒன்றும் அறியாமல் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தான். நான் மெஷினை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். அந்த மண்டபம், பிள்ளைகள், டீச்சர் எல்லாம் எங்கோ மறைந்துபோயின. சுருண்டு படுத்திருக்கும் என் மகள் மட்டும் தெரிந்தாள். எங்கள் வீட்டு வாசலில் நின்று காத்திருக்கும் மோட்டார் சைக்கிள் தெரிந்தது.

மற்ற பிள்ளைகளுக்கு எப்படி வெட்டினேன் என்று நினைவில்லை. எல்லாம் முடிந்ததும் டீச்சரிடம் போனேன். அன்றைய சமாச்சாரத்துக்குச் சண்டை போட வருகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் தயாராக நிமிர்ந்து நின்றார். "எம்மவளுக்கு வயிறு வலிக்குதாம் டீச்சர்" என்றுதான் சொல்ல முடிந்தது. அதைச் சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். முழுவதையும் கேட்டார். உன்னைத்தான் சொன்னேன் பார் என்கிற மாதிரி ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்கு இன்னும் லேசாக இருந்திருக்கும்.

"ஒண்ணும் இல்லாமகூட இருக்கலாம் அண்ணே. ஆனா கேக்கணும், இன்னிக்கே. 'அவரு என்ன பண்ணாரு'ன்னு கேக்காதீங்க. நீங்களா பேர எடுத்துக் குடுக்காதீங்க. முதல்ல அன்னிக்குத் திட்டினதுக்கு சாரி சொல்லுங்க. எது சொன்னாலும் அப்பா கோவப்படமாட்டேன்னு சொல்லுங்க. சொல்லிட்டுச் சும்மா இருங்க, பிள்ள பேசட்டும். நீங்க அங்க கத்தினீங்கன்னா பிள்ள வாய மூடிக்கும், அப்புறம் திறக்கவே திறக்காது" என்றார்.

சாயங்காலம் கடைக்குத் திரும்பியபோது மழை விட்டிருந்தது. மகள் விளையாடிவிட்டு வந்திருக்கும் நேரத்துக்குக் கூப்பிட்டேன். சொல்லிக் கொடுத்தபடியே சொன்னேன். அப்பா அன்றைக்குத் திட்டியது தப்பு என்றேன். என் அப்பா என்னிடம் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை. சொல்வதற்கு அவ்வளவு கூச்சமாக இருந்தது. சும்மா இருங்கள் என்று டீச்சர் சொன்னாரே, அதுதான் பெரிய கஷ்டம். ஒரு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அப்போது தெரிந்தது. கடைசியில் அவள் மெல்லிய குரலில், "மாமா வண்டிய நேரா வீட்டுக்கு விடமாட்டாரு. கண்மாய்க் கரையில நிறுத்துவாரு" என்றாள். பிறகு, "அம்மாட்ட சொல்லக் கூடாதாம். சொன்னா, அப்பா உன்கூடப் பேசாதுன்னு சொன்னாரு" என்றாள். அவள் சொன்ன மற்றதை நான் இங்கே எழுதப்போவதில்லை; அது அவளுடையது. இன்னும் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை, ஆனால் அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது என்பதை மட்டும் சொல்லலாம். நான் கத்தவில்லை. "நீ சொன்னது ரொம்ப நல்லது. உம்மேல தப்பே இல்ல" என்று சொல்லி முடித்துவிட்டு, கடைக்குப் பின்னால் போய்ச் சுவரில் தலையை வைத்துக்கொண்டு நின்றேன். நான் ஒவ்வொரு நாளும் போனில் சொன்ன வாக்கியத்தைத்தான் அவன் பிடித்துக்கொண்டிருக்கிறான். கதவை நான் திறந்து வைத்திருந்தேன்.

இத்தோடு நான் சரியானதைச் செய்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. நடந்தது அப்படியில்லை. சுமதிக்குச் சொன்னதும் அவள் வாயில் முந்தானையை வைத்து அழுதது கேட்டது. அடுத்து ஊரில் இருக்கும் என் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர், "தம்பி, அவசரப்படாத. பொம்பளப் புள்ள. வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு வந்து கட்டுவா? சேகரை நான் கூப்பிட்டுக் கண்டிச்சு விட்டுர்றேன். வண்டியில அனுப்பாதீங்க, அதோட முடிச்சுக்குவோம்" என்றார். அண்ணன் போய்ப் பேசியிருப்பார் போல, மறுநாள் சேகரே கூப்பிட்டான். "மாப்ள, சின்னப்புள்ள என்னத்தையோ உளறுது. நான் அப்படிப்பட்ட ஆளா? நீயே சொல்லு" என்றான். குரல் எப்போதும் போலவே இருந்தது. "சரி, அப்புறம் பேசுறேன்" என்று வைத்தேன். அதைவிடக் கேவலம், அண்ணன் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. ஊர் என்ன பேசும், தெருவில் எப்படி நடப்பது, பத்து வருஷம் கழித்து மாப்பிள்ளை வீட்டார் என்ன கேட்பார்கள் என்று வரிசையாக யோசித்தேன். அந்தத் தோட்டத்து அம்மா "இப்ப எதுக்கும்மா அந்தப் பேச்சு" என்று சொன்னபோது மனதுக்குள் அவரைத் திட்டியவன் நான். இரண்டே நாளில் அவருக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

தயக்கமெல்லாம் எனக்கும் அண்ணனுக்கும்தான். கொஞ்சம் பொறுப்போம் என்று நான் இழுத்ததும் சுமதி சொன்னாள்: "நீங்க அங்கேருந்து யோசிச்சுக்கிட்டே இருங்க. அவன் வீட்டுக்கு எதுத்த வீட்டுல ரெண்டாவது படிக்கிற புள்ள இருக்கு. நம்ம புள்ளைய நிறுத்திட்டா, அவன் வண்டியில நாளைக்கு அது ஏறும். நான் டீச்சர்கிட்டப் போறேன்." சொன்னபடியே பவித்ராவின் வகுப்பாசிரியையிடம் போனாள். அவர் குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்குப் பேசினார். சீருடை இல்லாமல் இரண்டு பெண் அதிகாரிகள் வீட்டுக்கு வந்து, பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து, படம் வரையச் சொல்லிப் பேசினார்களாம். சேகரைப் போலீஸ் கூட்டிப் போனது. விசாரணையில் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் பெயரும் வந்தது. எதிர்வீட்டுப் பிள்ளை. அது அவன் வண்டியில் ஏறத் தொடங்கியிருந்தது.

வழக்கு நடக்கிறது. அண்ணன் என்னோடு பேசுவதில்லை. தெருவில் சிலர் சுமதியைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறார்களாம். பவித்ராவை ஆலோசனைக்காகக் கூட்டிப் போகும் இடத்தில் இருந்த அம்மையார், நல்ல நேரத்தில் கண்டுபிடித்தீர்கள், பிள்ளை தேறிவிடுவாள் என்று சொன்னாராம். 'கண்டுபிடித்தீர்கள்' என்கிற பாராட்டில் எனக்குப் பங்கே கிடையாது. பிள்ளை எங்களுக்கு எத்தனையோ நாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். முன்பின் அறியாத ஒரு ஐந்து வயதுப் பையனும் அவன் அம்மாவும் என்னை நாலு பேர் முன்னால் கூசவைத்திராவிட்டால் நான் இன்னும் 'மாமா சொன்னா கேட்டுக்கணும்' என்று ஓதிக்கொண்டிருப்பேன். ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப் போலப் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு இங்கே கிடப்பவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். போனில் பேசும்போது பாடம் படித்தாயா, சொன்ன பேச்சைக் கேட்டாயா என்று கேட்கிறோம். யாரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று ஒரு நாளாவது கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். வருகிறவர்கள் போகிறவர்களையெல்லாம் மாமா ஆக்கிப் பிள்ளையை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.

முதலாளியிடம் கெஞ்சி விடுப்பு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். விமானத்தில், பிறகு பேருந்தில், என் கை இரண்டும் அவளைத் தூக்கத் தயாராகவே இருந்தன. வீட்டு வாசலில் பவித்ரா அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வளர்ந்திருந்தாள். நான் குனிந்து கையை நீட்டினேன். அவள் பின்னால் ஒரு எட்டு வைத்தாள். பயந்து இல்லை; என்னை நேராகப் பார்த்துக்கொண்டுதான் வைத்தாள்.

"நான் சொன்னேன்லப்பா," என்றாள். "வயிறு வலிக்குதுன்னு அப்பவே சொன்னேன்ல."

அவ்வளவுதான். அழவில்லை, திட்டவில்லை. நான் நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். "ஆமாம்மா, சொன்ன. அப்பாவுக்குக் கேக்கத் தெரியலை" என்றேன். இருந்த அந்த ஒரு மாதமும் அவளைப் பள்ளிக்கு நடத்தியே கூட்டிப் போனேன். பக்கத்தில் நடப்பாள், நன்றாகப் பேசுவாள், கையை மட்டும் தரமாட்டாள். கண்மாய்க் கரை வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போவோம். சுமதி, "போடி, அப்பாதானே" என்று ஒரு தரம் அவள் முதுகைத் தள்ளப் போனாள். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். திரும்பிக் கிளம்பிய அன்று கதவோரம் நின்று கையாட்டினாள்.

இப்போது மறுபடி புந்தோங் கடை. வாரத்தில் மூன்று நான்கு நாள் அவளாகவே வீடியோவில் கூப்பிடுகிறாள். கடையில் ஆள் இருந்தாலும் நான் எடுத்துவிடுவேன். நேற்று கூப்பிட்டு, வகுப்பில் வரைந்த மயிலைக் காட்டினாள். பல் ஒன்று ஆடுவதை நாக்கால் தள்ளிக் காட்டினாள். கேட்கலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்து வைத்திருந்ததை நான் கேட்டுவிட்டேன்: "அடுத்த தடவை அப்பா வந்தா தூக்கலாமா பவி?" அவள் நெற்றியைச் சுருக்கினாள். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். அதற்குள் வாசலில் யாரோ அவளை விளையாடக் கூப்பிட்டார்கள். "இருங்க, வாறேன்" என்று போனைத் தரையில் வைத்துவிட்டு ஓடிவிட்டாள்.

திரையில் எங்கள் வீட்டு முகடு மட்டும் தெரிந்தது. மின்விசிறி ஓடுகிறது, ஒரு இறக்கை லேசாக ஆடுகிறது. சுமதி தாளிக்கிற சத்தம் வருகிறது. தெருவில் பிள்ளைகள் கத்துகின்றன. அதில் அவள் குரல் எது என்று எனக்குப் பிரித்துத் தெரிகிறது. இங்கே நாற்காலியில் போர்வை போட்டு உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் கண்ணைத் திறந்து, "அண்ணே?" என்றார். போனைக் கண்ணாடிக்குக் கீழே சாய்த்து வைத்தேன். துண்டிக்க மனம் வரவில்லை. இருங்கள் என்றுதானே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.